கண்ணி வெட்டும் வைத்தியம்

"செயின் தொங்குது சார். ரெண்டு கண்ணி எடுத்துட்டாப் போதும், இன்னும் ஆறு மாசம் ஓடும்." தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் எந்த ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றாலும் இந்த வசனத்தைக் கேட்கலாம். சொல்கிற மெக்கானிக் தம்பி கெட்டவர் இல்லை. நமக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவு வைக்காமல் அனுப்புகிறோமே என்று நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். கேட்கிற நாமும் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால் இந்தக் கண்ணி வெட்டும் வைத்தியத்துக்கு நான் எதிர்க்கட்சி. தேய்ந்த செயினை வெட்டிப் போடக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். இதற்கு ஒரு பதிவா என்று சிலர் நினைக்கலாம். காரணத்தைச் சொல்கிறேன், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் இல்லை. ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பகுதியில் முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பஞ்சு மில்லுக்குள்ளே செயினும் பல்சக்கரமும் இல்லாத மெஷினைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம், "செயின் நீளாது, தேயும்" என்பது. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

செயின் தொங்குவதைப் பார்த்து நாம் அது ரப்பர் மாதிரி இழுபட்டு நீண்டுவிட்டதாக நினைக்கிறோம். இரும்புத் தகடு அவ்வளவு லேசில் நீளாது. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு பின் இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு புஷ், அதற்கு மேல் சுழலும் ரோலர். செயின் பல்சக்கரத்தில் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை அந்தப் பின் புஷ்ஷுக்குள் திரும்புகிறது. அந்த இடத்தில் எண்ணெய் வற்றி மண் புகுந்தால் பின்னும் தேயும், புஷ்ஷும் தேயும். ஒரு கண்ணியில் தலைமுடி கனம்தான் தேய்மானம் என்றாலும் நூற்றுப் பத்து கண்ணியும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரிகிற தொங்கலாகிவிடுகிறது. இந்தப் புஷ் ரோலர் செயினை 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் உருவாக்கினார். நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை. அப்போது தேய்ந்த இடத்தில்தான் இப்போதும் தேய்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். ஸ்பிளெண்டர் மாதிரி நூறு சிசி வண்டிகளில் வருவது 428 என்ற அளவுச் செயின். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. நூற்றுப் பத்து கண்ணி உள்ள செயின் என்று வைத்துக்கொண்டால் மொத்த நீளம் 55 அங்குலம். செயினில் அகலக் கண்ணி, குறுகல் கண்ணி என்று மாறி மாறி வரும். ஆகவே ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. ஒரு ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும், அதாவது முழுசாக ஒரு அங்குலம். 55 அங்குலச் செயினிலிருந்து ஒரு அங்குலத்தை வெட்டி எடுக்கும் அளவுக்குத் தொங்கல் வந்துவிட்டது என்றால், அந்தச் செயின் கிட்டத்தட்ட நூற்றுக்கு இரண்டு பங்கு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். செயின் வேலை தெரிந்தவர்கள் பொதுவாகத் தூக்கிப் போடச் சொல்கிற எல்லையே அதுதான். வெட்டலாம் என்ற நிலைமை வந்தாலே மாற்றும் காலம் வந்தாயிற்று. இதைக் கவனித்தவர்கள் குறைவு.

வெட்டினால் நீளம்தான் குறைகிறது. மிச்சம் இருக்கும் நூற்று எட்டுக் கண்ணியிலும் தேய்மானம் அப்படியே இருக்கிறது. பல்சக்கரத்தில் பல்லுக்குப் பல் இடைவெளி அரை அங்குலம். செயினின் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி இப்போது அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆகவே ரோலர் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். எல்லாப் பல்லும் பங்கு போட்டுத் தாங்க வேண்டிய பாரத்தை ஒன்றிரண்டு பல் மட்டும் தாங்கும். அவை ஒரு பக்கமாகத் தேய்ந்து, கருக்கரிவாள் மூக்கு மாதிரி வளைந்துவிடும். அப்படி வளைந்த பல் செயினை ஒழுங்காக விடாது. ஒரு பாரம் ஏறும்போது "டக்"கென்று ஒரு பல் தாண்டும், இல்லையென்றால் செயினே கழன்று விழும்.

இதை வீட்டிலேயே பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. நம் வயதுக்காரர்களுக்கு அங்குலக் கணக்கு மறந்திருக்காது. பேரப்பிள்ளையின் பென்சில் பாக்ஸில் ஒரு அடி ஸ்கேல் இருக்கும். இருபத்து நாலு கண்ணி சரியாக ஒரு அடி. செயினை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து, இருபத்து நாலாவது கண்ணி முடிகிற பின் எங்கே வருகிறது என்று பாருங்கள். பன்னிரண்டிலேயே நின்றால் செயின் நல்லாயிருக்கிறது. பன்னிரண்டே காலைத் தொட்டால் அதன் ஆயுள் முடிந்தது. புல்லட்காரர்கள் இந்தக் கணக்கைப் போட வேண்டாம், அதில் ஒரு கண்ணி 5/8 அங்குலம். ஸ்கேல் வைக்க இடம் இல்லையென்றால், பின் சக்கரத்துப் பல்சக்கரத்தின் பின்கோடியில் செயினை விரலால் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்கு எழும்பினால் அதற்கும் அதே அர்த்தம்தான்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம் என்றால், நாம் இருப்பது பள்ளத்தாக்கு. எந்தப் பக்கம் போனாலும் மலை ஏறித்தான் ஆக வேண்டும். போடியிலிருந்து முந்தல் தாண்டி போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏற்றம். கம்பம்மெட்டுப் பாதை தனி. முன்பெல்லாம் ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஜீப்பில் அடைந்துகொண்டு போவார்கள். இப்போதும் ஜீப் ஓடுகிறது என்றாலும் பைக்கிலேயே ஏறி இறங்குகிறவர்கள் நிறையப் பேர். ஏற்றத்தில் செயின் கழன்றால் வண்டி நிற்கும், பின்னால் லாரி வருகிறதா என்று கடவுளைத்தான் கேட்க வேண்டும். இறக்கத்தில் கழன்றால் கதை வேறு. இரண்டாவது கியரில் போட்டு இன்ஜின் பிடிப்பிலேயே வண்டியை இறக்குவதுதான் மலைப்பாதைப் பழக்கம். அந்தப் பிடிப்பு சக்கரத்துக்குப் போய்ச் சேருவது செயின் வழியாகத்தான். செயின் போய்விட்டால் மிச்சம் இருப்பது பிரேக் மட்டும். அதுவும் நாலு வளைவு அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்து சூடாகியிருக்கும். சில சமயம் அறுந்த செயின் முன் பல்சக்கரத்தில் சுருண்டு பின் சக்கரத்தையே பூட்டிவிடும். இந்த ஆபத்தை ஆயிரம் ரூபாய்க்காக ஏற்கலாமா என்பதுதான் என் கேள்வி.

இதற்கு ஒரு மறுப்பு வரும். அதையும் நான் மதிக்கிறேன். "உங்களுக்குப் பென்ஷன் வருது, சொல்றீங்க. எக்ஸெல்லில் ரெண்டு கட்டு மாட்டுத் தீவனம் ஏத்திக்கிட்டுப் போறவன் கிட்டுக்கு எங்கே போவான்?" நியாயமான கேள்வி. மாசக் கடைசியில் கையில் காசில்லாதவரிடம் போய் உபதேசம் செய்ய நான் தயாரில்லை. அவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வேறு வழியே இல்லாமல் வெட்டினால் அதை ஒரு மாசத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாச ஆயுள் என்று நம்பாதீர்கள். அந்த மாசம் மலைப்பக்கம் போக வேண்டாம், வீட்டம்மாவைப் பின்னால் ஏற்ற வேண்டாம். என் கோபம் அவர்மேல் இல்லை. சீட்டுக்கு உறை, டேங்குக்கு ஸ்டிக்கர், வித்தியாசமான சத்தம் போடுகிற ஹார்ன் என்று செலவழித்துவிட்டு, செயினுக்கு மட்டும் "வெட்டிப் போடுப்பா" என்கிறவர்கள்மேல்தான்.

மாற்றும்போது செயினை மட்டும் மாற்றுவதும் அரைகுறைதான். முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றும் சேர்ந்து தேய்ந்தவை. பழைய வளைந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது சீக்கிரமே பழைய செயின் மாதிரி ஆகிவிடும். கிட்டாகவே வாங்குங்கள். செயினுக்கு நாம் வெளியூரை நம்பியிருக்கிறோம் என்பதுகூட இல்லை. 1937-இல் போக்குவரத்துக் கம்பெனியாகத் தொடங்கிய கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம்தான் இன்று ரோலான் செயின் செய்கிறது. சென்னையில் முருகப்பா குழுமத்தின் டயமண்ட் செயின் இருக்கிறது. அட்டைப் பெட்டியை மட்டும் அதே மாதிரி அச்சடித்து விற்கும் போலிகளும் சந்தையில் உண்டு. விலை ரொம்பக் குறைவாக இருந்தால் கடைக்காரரிடம் பில் கேளுங்கள், முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

சரி, ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது? மண். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து இறங்குகிற காற்றுக்கு ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலை சுற்றுகிறது. அதே காற்றுதான் செம்மண்ணை வாரி நம் செயினில் பூசுகிறது. ஆடிச் சனிக்கிழமை குச்சனூருக்குப் போய் வந்தவர்கள் வண்டியைப் பார்த்தால் தெரியும். இந்த மண்ணோடு கிரீஸ் சேர்ந்தால் அது சாணைக்கல் தூளைக் குழைத்துத் தடவிய மாதிரி. பலரும் பக்தியோடு கெட்டி கிரீஸை அள்ளி அப்புகிறார்கள். கிரீஸ் வெளியே நின்று மண்ணைப் பிடித்து வைக்கும், தேவைப்படுகிற உள்ளிடுக்குக்குப் போகாது. இன்னும் சிலர் இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைப் பாட்டிலில் சேர்த்து வைத்து ஊற்றுகிறார்கள். அதில் இன்ஜின் தேய்ந்த இரும்புத் தூளே கலந்திருக்கும். காசு மிச்சம் என்று அதை ஊற்றுவதைவிட ஊற்றாமலே இருக்கலாம். வாட்டர் சர்வீஸில் பளபளப்புக்காக டீசல் அடிப்பார்கள், இருக்கிற எண்ணெயும் கழுவிக்கொண்டு போய்விடும். அப்படி அடித்தால் வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் விட்டாக வேண்டும்.

எங்கள் தாத்தா காலத்து மாட்டு வண்டிக்கு மை போடுவது பலருக்கு ஞாபகம் இருக்கும். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டிக்கு அடியிலேயே ஒரு குழாயில் தொங்கவிட்டிருப்பார்கள். சந்தைக்குக் கிளம்புமுன் சக்கரத்தைக் கழற்றி, பழைய மையைத் துடைத்துவிட்டுத்தான் புது மை வைப்பார்கள். துடைக்காமல் மேலே மேலே அப்ப மாட்டார்கள். கமலை வடத்தையும் தினம் தடவிப் பார்த்துத்தான் சாலை இறக்குவார்கள். பள்ளிக்கூடம் போகாத மனுஷர்களுக்கு இருந்த அந்த ஒழுங்கு, செயின் ஸ்ப்ரே வாங்கத் தெரிந்த நமக்கு இல்லை.

முறை என்னவென்றால், ஓட்டி வந்து செயின் லேசாகச் சூடாக இருக்கும்போது சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் நாலு பக்கமும் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுங்கள். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டதால் கொஞ்சம் டீசல் ஆனாலும் பரவாயில்லை, பெட்ரோல் மட்டும் வேண்டாம். காய்ந்த பிறகு 90 நம்பர் கியர் ஆயிலை, செயினின் கீழ் வரிசையில் உள்பக்கமாக, சொட்டுச் சொட்டாக விடுங்கள். சக்கரம் சுற்றும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். பத்து நிமிஷம் விட்டு மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். துடைப்பதுதான் முக்கியம். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே மண்ணுக்குப் பசையாக இருக்கக்கூடாது. ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்தால் அன்றைக்கே. பெரிய வண்டிகளில் ஓ-ரிங் செயின் வரும். அதில் கம்பெனியிலேயே கிரீஸை உள்ளே அடைத்து ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். அதற்குக் கம்பி பிரஷ்ஷும், வாட்டர் சர்வீஸ் பிரஷர் தண்ணீரும் ஆகாது. வண்டிப் புத்தகம் சொல்வதைக் கேளுங்கள்.

இங்கே ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். இதை எல்லாம் இன்ஜின் அணைத்த பிறகுதான் செய்ய வேண்டும். ஸ்டாண்டு போட்டு, கியரில் ஓடவிட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடிக்கிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பையன், பிளஸ் டூ முடித்தவன், அப்படித் துடைக்கப் போய் ஆள்காட்டி விரலில் ஒரு கணுவை இழந்தான். துணிதான் முதலில் சிக்கியது, துணியோடு விரலும் போயிற்று. இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் போதும். அதிலும் விரல் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது.

இனி விறைத்துப்போன செயின். இது தேய்மானத்தைவிட நம் வாசகர்களுக்கு நெருக்கமான விஷயம். பிள்ளை திருப்பூரிலோ சென்னையிலோ துபாயிலோ இருப்பான். அவன் வண்டி நம் போர்ட்டிகோவில் உறை போட்டு நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையும், கூடலூர்ப் பக்கம் என்றால் ஆடிச் சாரலும் குடித்து, செயின் துருப்பிடித்து இறுகியிருக்கும். பொங்கலுக்கு வந்து இறங்கியதும் உதைத்துக் கிளப்பி, பொண்டாட்டி பிள்ளையோடு சுருளி அருவிக்குக் கிளம்பிவிடுவான். அதற்கு முன்னால் நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, பல்சக்கரத்தை விட்டுச் செயின் வெளியே வருகிற இடத்தைக் கவனியுங்கள். நல்ல கண்ணி நேராகிவிடும். இறுகிய கண்ணி மடங்கினபடியே வரும், கிழவன் முழங்கால் மாதிரி. ஓரிரு கண்ணி என்றால் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, கையால் மடக்கி நீட்டிப் பழக்கி, எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். எண்ணெய் காய்ந்து மறுபடியும் இறுகினாலோ, பல கண்ணி அப்படி இருந்தாலோ அந்தச் செயினை நம்ப வேண்டாம்.

டைட் வைக்கிற விஷயத்திலும் நம் ஊர் வழக்கம் தப்பு. சத்தம் வரக்கூடாது என்று வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைக்கச் சொல்கிறோம். கீழ் வரிசையின் நடுவில் விரலால் தூக்கினால் ஏறக்குறைய ஒரு அங்குலம் மேலும் கீழுமாக ஆட வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டிப் புத்தகத்திலோ ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். ஏன் இந்தத் தளர்வு என்றால், நாம் வண்டியில் ஏற்றுகிற பாரம் அப்படி. பால் கேன், வாழைத்தார், திராட்சைப் பெட்டி, அதற்கு மேல் நாமும். பாரம் ஏறிப் பின்பக்கம் அமுங்கினால் பின் சக்கரத்தின் அச்சு கொஞ்சம் பின்னுக்குப் போய்ச் செயின் இன்னும் இறுகும். வெறும் வண்டியில் இறுக்கமாக வைத்தது பாரத்தில் கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடுங்கும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாமல் சக்கரத்தை நாலு இடத்தில் நிறுத்திப் பாருங்கள். இறுகலான இடத்தை வைத்துத்தான் அளவு வைக்க வேண்டும். இடமும் வலமும் ஒரே கோட்டில் இருக்கிறதா, ஆக்சில் நட் முறுக்கியாயிற்றா, பின் பிரேக் சரிபார்த்தாயிற்றா என்று மெக்கானிக்கைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும். இதை மாற்றிப் போட்ட லாக் தெறித்து ஓடியதை நான் மில்லில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகச் செயின் கவர். ராஜ்தூத், எஸ்டி காலத்திலிருந்து நம் வண்டிகளில் முழு மூடி வந்தது. தூசிக்கும் மழைக்கும் அதைவிட நல்ல மருந்து இல்லை. இப்போது அழகு என்று பல வண்டிகளில் மேலே பாதி மூடி மட்டும். இருக்கிற முழு மூடியையும் "கடகடன்னு சத்தம் வருது" என்று கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறோம். ரெண்டு போல்ட்டும் ஒரு ரப்பரும் போட்டால் தீர்கிற சத்தம் அது. பெரும்பாலான வண்டிகளில் செயின் இடப்பக்கம். நம் பெண்கள் ஒரு பக்கமாக உட்காருவதும் இடப்பக்கம் பார்த்துத்தான். சேலை முந்தானையும் துப்பட்டாவும் தொங்குகிற இடமும் அதே. பின்னால் உட்காருகிறவர் துணி சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடுகிற தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதியே சொல்கிறது. ஷோரூமில் மாட்டித் தருவதை வீட்டுக்கு வந்ததும் கழற்றுகிறவர்களை என்ன சொல்வது? வீரபாண்டித் திருவிழா நேரத்தில் ரோட்டோரம் நின்று பத்து வண்டியை எண்ணிப் பாருங்கள், எத்தனை வண்டியில் தடுப்பு இருக்கிறதென்று.

கிட் மாற்றியதும் பழைய செயினையும் பல்சக்கரத்தையும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். நேராகப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் விட்டு வந்தால், "நல்ல செயின்ணே, சும்மா கிடக்குது" என்று, நாலு கண்ணி வெட்டி, தீவனக்கட்டு ஏற்றுகிற யாரோ ஒருவருடைய வண்டியில் அது மறுபடியும் ஏறிவிடும்.